காவல் எது? சிறை எது?

காப்பது நல்லது; இதை மறுப்பார் எவரும் இலர். பயிரைக் காக்க வேலி, கண்ணைக் காக்க இமை, நாட்டைக் காக்கப் படை என்று பள்ளிப் பருவத்திலேயே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். ஆகவேதான் 'பாதுகாப்பு' என்ற சொல் காதில் விழுந்ததும் கேள்வி ஏதும் கேட்காமல் தலையசைத்து விடுகிறோம். பெண்ணை வீட்டோடு நிறுத்தினார்கள். ஏன் என்று கேட்டோம். அவளுடைய பாதுகாப்புக்காக என்றார்கள். ஒரு பகுதி மக்களை ஊருக்குப் புறத்தே ஒதுக்கினார்கள். ஏன் என்று கேட்டோம். ஊர் ஒழுங்கின் பாதுகாப்புக்காக என்றார்கள். எதற்கும் காரணம் கேட்கும் இளைஞனை வாய்மூடி உட்காரச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டோம். முன்னோர் மரபின் பாதுகாப்புக்காக என்றார்கள். ஒரே சொல், தோழர்களே! அதே சொல்தான் வேலிக்கும் பெயர், விலங்குக்கும் பெயர்.

காவலுக்கும் சிறைக்கும் என்ன வேறுபாடு? இரண்டிற்கும் மதில் உண்டு. இரண்டிற்கும் கதவு உண்டு. இரண்டின் வாயிலிலும் ஆள் நிற்கிறான். உள்ளே இருப்பவனுக்கு நன்மைதான் செய்கிறோம் என்று இரண்டு இடத்திலும் சொல்கிறார்கள். வெளித்தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிய இயலாத இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட ஓர் அளவுகோல் நமக்குத் தேவை. அந்த அளவுகோலைத் தேடி நாம் செல்லவிருக்கும் இடம் ஆலயமும் அன்று, அரசவையும் அன்று. ஓர் ஆட்டப் பலகை.

ஆட்டத்திலா அறம் தேடுவது என்று நகைக்க வேண்டாம். ஆட்டப் பலகைக்கு முகத்தாட்சணியம் கிடையாது. இராகுகாலம் பார்த்து நகர்த்தினாலும் பிழையான நகர்வு பிழையான நகர்வுதான். வேண்டிக்கொண்டு வைத்த காயையும் எதிரி வெட்டுவான். ஆடுபவன் எந்தக் குலத்தில் பிறந்தான் என்று எந்தக் கட்டமும் கேட்பதில்லை. செய்ததற்கு விளைவு, செய்த சற்று நேரத்திலேயே கண்ணெதிரே வந்து நிற்கும். ஆராய்ந்து பார்க்க விரும்புகிறவனுக்கு இதைவிட நேர்மையான சான்று வேறு எங்கே கிடைக்கும்?

நாம் எடுத்துக்கொள்ளும் ஆட்டம் சீனச் சதுரங்கம். சீனர் அதைச் சியாங்சி என்று அழைக்கின்றனர். புதுக்கோட்டை மாவட்டத்து மக்களுக்கு அது முற்றிலும் அயலானது அன்று. அறந்தாங்கியிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் திருமயத்திலிருந்தும் கடல் கடந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. சிங்கப்பூரில் சீனர் வாழும் பகுதியில், கிரேத்தா ஆயர்ச் சதுக்கத்தில், முதியவர்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்க இருவர் உட்கார்ந்து ஆடும் காட்சி இன்றும் காணக்கூடியது. வேலை முடிந்து அவ்வழியே நடந்த நம்மவர் பலர், வட்ட வட்டமான மரக்காய்களையும் அவற்றின் மேல் பொறித்த சீன எழுத்துகளையும் பார்த்திருப்பர். எழுத்துப் புரியாததால் ஆட்டமும் புரியாதென்று நடந்திருப்பர். புரிந்துகொள்வது அவ்வளவு கடினம் அன்று.

நம் சதுரங்கத்தில் காய்கள் கட்டத்துக்குள் நிற்கும். சீனச் சதுரங்கத்திலோ, நம் ஆடுபுலி ஆட்டத்தைப் போலவே, கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் நிற்கும். நெடுக்கே 9 கோடுகள், குறுக்கே 10 கோடுகள், ஆக 90 புள்ளிகள். பலகையின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. இருபுறமும் படைக்கு 16 பேர்: தளபதி ஒருவன், மெய்க்காவலர் இருவர், யானை இரண்டு, குதிரை இரண்டு, தேர் இரண்டு, பீரங்கி இரண்டு, காலாட்கள் ஐவர். எதிரியின் தளபதியை மீளமுடியாமல் மடக்குபவன் வென்றவன்.

நம் அரசன் பலகை முழுவதும் நடக்கலாம். சீனத் தளபதிக்கு அந்த உரிமை இல்லை. பலகையின் அடியில் 9 புள்ளிகள் கொண்ட சிறு சதுரம் ஒன்று உண்டு. அதன் பெயர் அரண்மனை. ஆட்டம் தொடங்கி முடியும்வரை தளபதி அதைவிட்டு வெளியே காலடி வைக்கக் கூடாது. மெய்க்காவலர் இருவரும் அப்படியே. அரண்மனைக்குள்ளே மூலைவாட்டாக ஒவ்வோர் அடி, மொத்தம் 5 புள்ளிகள், அவ்வளவுதான் அவர்கள் உலகம். யானைகளுக்கு அரண்மனைக்கு வெளியே செல்ல உரிமை உண்டு. ஆற்றைக் கடக்க உரிமை இல்லை. 7 புள்ளிகளில் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். ஆக, தளபதியோடு சேர்த்து ஐவர் காவலுக்கென்றே பிறந்து காவலிலேயே முடிகிறார்கள். தாக்கப் போவதற்குத் தேரும் குதிரையும் பீரங்கியும் காலாளும்.

மேலோட்டமாகப் பார்க்கும் ஒருவர், 'ஆகா, எத்தகைய பாதுகாப்பு! அரண்மனை இருக்கிறது, மெய்க்காவலர் இருக்கிறார்கள், யானைகள் இருக்கின்றன, முன்னே ஆறும் இருக்கிறது! இந்தத் தளபதியை அணுக யாரால் முடியும்?' என்று வியந்து நிற்பார். ஆடத் தெரிந்தவர் வியக்கமாட்டார். ஏனெனில் அவருக்குப் பீரங்கியைத் தெரியும்.

பீரங்கியின் இயல்பு விந்தையானது. நடக்கும்போது தேரைப் போல நேராக நடக்கும். ஆனால் வெட்டும்போது, தனக்கும் தன் இலக்குக்கும் இடையே ஒரே ஒரு காய் இருந்தாக வேண்டும். அதன் தலைக்கு மேலாகத் தாண்டித்தான் வெட்டும். இடையே ஒருவரும் இல்லையென்றால் அது வெட்ட இயலாத வெறும் குழாய். இடையே நிற்பவர் தன் படையாளாகவும் இருக்கலாம், எதிரியின் படையாளாகவும் இருக்கலாம். அதாவது, தளபதியைக் காக்க நாம் குறுக்கே நிறுத்திய ஆளே எதிரியின் பீரங்கிக்குப் படிக்கல்லாக முடியும்!

இதனால் விளையும் ஒரு முடிவை ஆட்டக்காரர்கள் 'மூச்சுமுட்டிய அரண்மனை' என்ற பொருள்படும் பெயரால் குறிக்கின்றனர். காட்சி இது: தளபதி தன் இருக்கையில் இருக்கிறான். அவன் பக்கத்தில் ஒரு மெய்க்காவலன். அவனுக்கு முன்னே மற்றொரு மெய்க்காவலன். எதிரியின் பீரங்கி ஒன்று அடிக்கோட்டில் வந்து நிற்கிறது. பக்கத்து மெய்க்காவலனின் தலைக்கு மேலாக அது தளபதியைக் குறிவைக்கிறது. தளபதி முன்னே நகரலாம் என்றால், அங்கே தன் மெய்க்காவலன் நிற்கிறான். பக்கத்து மெய்க்காவலன் விலகினால் பீரங்கி வலுவிழந்துவிடும். ஆனால் அவன் விலகிச் செல்லக்கூடிய ஒரே புள்ளியும் அதே முன்னிற்பவனால் அடைபட்டிருக்கிறது. மறுபக்கம் நகர்ந்தாலும் அதே கோடு, அதே குறி. முடிந்தது! எந்த மெய்க்காவலனும் கொல்லப்படவில்லை. எந்த மதிலும் இடிக்கப்படவில்லை. ஒருவன் எதிரிக்குப் படியானான். மற்றவன் தலைவன் தப்பும் வழியை அடைத்தான். காவல் குறையாத நிலையிலேயே, காவலினாலேயே, தளபதி வீழ்ந்தான்.

தோழர்களே, இதை ஆட்டத்தின் விசித்திரம் என்று மட்டும் எண்ணிக் கடந்துவிடலாமா? நம் வீடுகளில் எத்தனை அரண்மனைகள் இவ்வாறு மூச்சுமுட்டி நிற்கின்றன! மகளுக்குத் தீங்கு வரக்கூடாதென்று படிப்பை நிறுத்துகிறார்கள்; படிப்பில்லாதவளை எவனும் ஏமாற்றலாம் என்ற நிலையை அந்தக் காவலே உண்டாக்கிவிடுகிறது. வெளியுலகம் பொல்லாதது என்று வாயிலைச் சாத்துகிறார்கள். உள்ளேயே ஒரு கொடியவன் இருந்தால் அவள் ஓடித் தப்ப வாயில் இல்லை. தாலிக்கும் தனக்கும் கணவனே காவல் என்று சொல்லி வைக்கிறார்கள். அந்தக் கணவன் மாண்டால் கைத்தொழில் ஒன்றும் அறியாதவளாய்த் தெருவில் நிற்கிறாள். தீங்கு தாண்டி வருவதற்குப் படிக்கல் போட்டவர் யார்? தப்பும் வழியை அடைத்தவர் யார்? மெய்க்காவலர்!

புதுக்கோட்டையிலேயே இதற்குச் சான்று உண்டு. 1886-இல் அவ்வூரில் பிறந்த முத்துலட்சுமி, மன்னர் கல்லூரியில் சேர்ந்து படிக்க விரும்பினார். ஆண்கள் மட்டுமே படித்துவந்த கல்லூரி அது. எதிர்ப்பு எழுந்தது, சமஸ்தானத்து மன்னரின் இசைவு வேண்டியிருந்தது. இசைவு கிடைத்த பின்னும் அவர் மூடிய வண்டியிலே போய் வரவேண்டியிருந்தது. மாணவர் கண்ணில் படாதபடி மறைப்பிலே அமரவேண்டியிருந்தது. பெண்ணின் மானத்துக்குப் பாதுகாப்பு என்றே அதற்குக் காரணம் சொல்லியிருப்பார்கள். நாம் கேட்கிறோம்: அந்தத் திரை யாரைக் காத்தது? ஒரு பெண் தங்களுக்குச் சமமாக உட்கார்ந்து படிக்கும் காட்சியை ஆண்கள் காணாதபடி அவர்களுடைய பழைய எண்ணத்தையல்லவா அது காத்தது! அந்த அம்மையாரைக் காத்தது திரை அன்று, கல்வி. 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று வெளியே வந்தார். 1927-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் இடம்பெற்றார். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் கொடுமையை ஒழிக்கப் போராடினார். 1947-இல் அதற்குச் சட்டம் வந்தது. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றவும் அவரே காரணமானார். திரைக்குப் பின்னேயே நின்றிருந்தால், இவற்றில் எது நடந்திருக்கும்?

அப்படியானால் காவலே வேண்டாம் என்பதா நம் முடிவு? இல்லை. அதே சீனச் சதுரங்கத்தில் மற்றொரு வகைக் காவலும் உண்டு. அதன் பெயரிலும் திரை என்ற சொல் இருக்கிறது. ஆனால் அது வேறு திரை.

பீரங்கியைப் பலகையின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து எதிரியின் நடுக் காலாளைக் குறிவைப்பது மிகப் பழைய தொடக்கத் தாக்குதல். மிங் அரச மரபின் காலத்தில், 1632-இல், ஜூ ஜின்ஜென் என்பவர் தொகுத்த புகழ்பெற்ற ஆட்ட நூல் அந்த நடுப்பீரங்கியின் வலிமையைப் பெரிதும் விளக்கிற்று. தாக்குபவனுக்கே வெற்றி என்ற எண்ணம் ஓங்கியிருந்தது. பின்னர், காங்சிப் பேரரசரின் காலத்தில் (1661–1722) வாழ்ந்த வாங் சாய்யுவே என்பவர் 'பிளம் மலர் ஏடு' என்று பொருள்படும் நூலை எழுதினார். நடுப்பீரங்கிக்கு எதிராக இரண்டு குதிரைகளையும் இருபுறமும் முன்னெடுத்து வைத்து, தாக்குதலைத் தாங்குவது மட்டுமன்றி வெல்லவும் முடியும் என்று அவர் ஆட்டங்களால் மெய்ப்பித்துக் காட்டினார். மடக்குத் திரையின் இரு மடிப்புகளைப் போல இரு குதிரைகள் நிற்பதால் அதற்குத் 'திரைக் குதிரைகள்' என்று பெயர்.

இந்தத் திரை எப்படிக் காக்கிறது? குதிரை இரண்டும் தளபதியை ஒட்டிச் சுவராய் நிற்பதில்லை. முன்னே வந்து, இரு திசையிலிருந்தும் அந்த நடுக் காலாளின் மேல் கண் வைக்கின்றன. பீரங்கி அவனை வெட்டினால், வெட்டிய பீரங்கியை எந்தக் குதிரையும் வெட்டும். ஒரு குதிரையை அப்புறப்படுத்தினாலும் மற்றது இருக்கிறது. இவ்வளவுக்கும் குதிரைகள் கட்டுண்டு கிடக்கவில்லை. நேரம் வாய்த்தால் ஆற்றைக் கடந்து பாயும் உரிமை அவற்றுக்கு உண்டு. ஒருவரை ஒருவர் தாங்குவதால் உண்டாகும் காவல் இது. ஒருவர் முன்னே ஒருவர் மதிலாகி மறைப்பதால் உண்டாவது அன்று. அங்கே மெய்க்காவலன் தலைவனுக்கு வழியடைக்கிறான். இங்கே குதிரை தோழனுக்குத் துணைநிற்கிறது.

அரண்மனைக்குரிய காய்களும் இந்த முறையில் பயன்பட்டால் வேறு வலிமை பெறுகின்றன. தேர் என்பது சீனச் சதுரங்கத்தின் மிக வலிய காய். ஒருபக்கம் தேர் ஒன்றே எஞ்சியிருக்க, மறுபக்கம் மெய்க்காவலர் இருவரும் யானை இரண்டும் குறையாமல் எஞ்சியிருந்தால், சரியாகக் காப்பவரை அந்தத் தேர் வெல்ல முடியாது, ஆட்டம் சமன். வேகத்திலும் வீச்சிலும் தேருக்கு அருகே நிற்கவும் தகுதியற்ற நான்கு எளியவர்கள் எப்படித் தாங்குகிறார்கள்? மெய்க்காவலனை மெய்க்காவலன் காக்கிறான். யானையை யானை காக்கிறது. தளபதி இடம்பெயர்ந்து அவர்களுக்கு வழிவிடுகிறான். எதைத் தொட்டாலும் அதைத் தாங்க மற்றொன்று உண்டு. பிரிந்தால் ஒவ்வொன்றாய் வீழ்வார்கள், பிணைந்திருப்பதால் பிழைக்கிறார்கள். ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: பிழைக்கிறார்களே அன்றி வெல்வதில்லை. ஆற்றைக் கடக்க உரிமையற்றவர்கள் எத்தனை ஒற்றுமையோடு இருந்தாலும் அவர்களால் அடையக்கூடியது சமனே, வெற்றி அன்று.

காவற்காயை முடங்கிக் கிடக்கும் காயாக எண்ணும் பழக்கத்தை உடைத்தவர் ஷாங்காய் நகரத்து ஹூ ரோங்குவா. 1960-இல், 15 வயதுச் சிறுவனாக இருந்தபோதே சீனத்தின் தேசிய வெற்றியாளரானார். இடையே பண்பாட்டுப் புரட்சியால் போட்டிகள் தடைப்பட்ட ஆண்டுகளைத் தவிர்த்து, 1979 வரை நடந்த தேசியப் போட்டிகளில் தொடர்ந்து 10 முறை வென்றார். யானையை நடுவுக்கு நகர்த்தி ஆட்டத்தைத் தொடங்குவது மந்தமான, அஞ்சி ஒடுங்கும் முறை என்று பலர் கருதியிருந்த நாளில், அதையே எடுத்து ஆராய்ந்து, அதிலிருந்து வெற்றிக்கு வழி கண்டார். முதலில் தற்காத்தார், ஆனால் ஒளிந்துகொள்ளத் தற்காக்கவில்லை, பின்னர் எத்திசையிலும் நகரும் உரிமையைத் தேடித் தற்காத்தார். இங்கே நமக்கு அளவுகோலின் முதற்பகுதி கிடைத்துவிட்டது: காக்கப்படுகிறவனின் நகரும் உரிமையைப் பெருக்குவது காவல், சுருக்குவது சிறை.

இதைக் கற்றுக்கொள்ளச் சீனம் வரை போகவேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊர்ப் பாறையிலும் மண்டபத் தரையிலும் கோடு கீறிச் சிறுவர் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தையும் பார்ப்போம். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். பக்கத்தில் நிற்கும் ஆட்டுக்கு அப்பாலுள்ள புள்ளி காலியாக இருந்தால், புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்குத் தாண்டவும் தெரியாது, வெட்டவும் தெரியாது. ஆனாலும் ஆடுகள் வெல்கின்றன! எப்படி? ஓர் ஆட்டுக்குப் பின்னே இன்னோர் ஆடு நின்றுவிட்டால், புலிக்குத் தாண்ட இடம் இல்லை. அவ்வளவுதான் அந்தப் பெரிய போர்முறை. தனித்த ஆடு இரை. துணையுள்ள ஆடு அரண்.

இந்த ஆட்டத்தில் இன்னும் இரண்டு உண்மைகள் உள்ளன. புலி தின்றுவிடுமே என்று ஆட்டைக் கையிலேயே வைத்திருப்பவன் என்ன பயன் காண்பான்? கையிலுள்ள ஆட்டைப் புலி தின்னாது, உண்மை. ஆனால் அந்த ஆடு தன் தோழனுக்குப் பின்னே நிற்கவும் உதவாது, புலியை மடக்கவும் உதவாது. 15 ஆடுகளும் பலகைக்கு வந்தபின்தான் ஆடுகள் நடக்கவே தொடங்கும். இது ஒன்று. மற்றொன்று இதைவிடப் பெரிது. ஆட்டின் வெற்றி, ஆட்டைப் பட்டியில் அடைப்பதில் இல்லை. புலியை நகர இடமின்றி அடைப்பதில் இருக்கிறது! ஊரில் கொடியவன் ஒருவன் திரிந்தால், பெண்ணே, நீ வெளியே வராதே என்கிறது நம் சமுதாயம். கொடியவனே, நீ வெளியே வராதே என்கிறது ஆடுபுலி ஆட்டம். கல்லில் கோடு கீறிய சிறுவர்க்கு விளங்கிய நீதி, கற்றுத் தேர்ந்த பெரியவர்க்கு விளங்காமல் போனது ஏன்?

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை நாம் ஒதுக்கிவிடவில்லை. 'குழந்தையைக் கிணற்றங்கரைக்கு விடுவீர்களா? தொற்றுநோய் வந்தால் தனித்திருக்கச் சொல்வதில்லையா? இரவில் உங்கள் வீட்டுக் கதவைத் தாழிடுவதில்லையா? நகரும் உரிமையைச் சுருக்குவதெல்லாம் சிறை என்றால், இவையும் சிறைதானே?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் விடை இது. குழந்தையைப் பிடித்து நிறுத்துகிறோம். கூடவே நீந்தவும் கற்றுக்கொடுக்கிறோம். நீந்தத் தெரிந்த நாளில் கையை விடுகிறோம். நோயாளியைத் தனித்திருக்கச் சொல்கிறோம். நோய் நீங்கும் நாளையும் சொல்கிறோம். கதவைத் தாழிடுகிறோம், தாழ் உட்புறத்தில் இருக்கிறது, உள்ளே இருப்பவர் கையில் இருக்கிறது. முடிவு நாள் உள்ள கட்டுப்பாடு வேறு. பிறந்தது முதல் சுடுகாடு வரை தொடரும் கட்டுப்பாடு வேறு. தாழ் உள்ளே இருந்தால் அது வீடு; வெளியே இருந்தால் அது சிறை.

இவ்வளவு பேசியபின் மற்றொரு வினாவைத் தவிர்க்க இயலாது. காவல் யாருக்காக? சீனச் சதுரங்கத்தில் 15 பேரும் ஒருவனுக்காக. காலாட்கள் ஐவரைப் பாருங்கள். முன்னே நடப்பார்கள், ஆற்றைக் கடந்தபின் பக்கவாட்டிலும் நடப்பார்கள், பின்வாங்க மட்டும் அவர்களுக்கு விதி இல்லை. மறுகரையின் கடைசி வரை போய்ச் சேர்ந்தாலும், நம் சதுரங்கச் சிப்பாயைப் போல உயர்வு பெறுவதும் இல்லை. தளபதி பிழைத்தால் வெற்றி. அவர்கள் அத்தனை பேரும் மாண்டாலும் வெற்றிதான். ஆடுபுலி ஆட்டத்திலோ ஆடுகளுக்குள் அரசன் இல்லை. எந்த ஆடும் மற்றோர் ஆட்டுக்காகவென்று படைக்கப்பட்டதன்று. ஒவ்வோர் ஆடும் காக்கிறது, ஒவ்வோர் ஆடும் காக்கப்படுகிறது.

ஒருவனைக் காக்கும் காவல் எப்படிப்பட்டது என்பதைப் புதுக்கோட்டையின் வரலாறு காட்டும். திருமயத்தில் 1687-இல் சேதுபதி எழுப்பிய கோட்டை இன்றும் குன்றின்மேல் நிற்கிறது. மதிலுக்குள் மதிலாக அடுக்கிய அரண் அது. ஆனால் தொண்டைமான் மன்னர்களின் அரியணையைக் காத்தது மதில் அன்று; ஆங்கிலக் கும்பெனியோடு கொண்ட நட்பு. 1799-இல் பாஞ்சாலங்குறிச்சியின் கட்டபொம்மன் திருக்களம்பூர்ப் பகுதிக் காட்டில் மறைந்திருந்தபோது, தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கும்பெனியிடம் ஒப்படைத்தனர். அவ்வாண்டு அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். சுற்றியிருந்த பாளையங்கள் ஒவ்வொன்றாய் அழிந்தன. புதுக்கோட்டைச் சமஸ்தானம் நிலைத்தது. தற்காப்பு முறை என்ற அளவில் அது வென்றது என்பாரும் உண்டு. நாம் கேட்பது வேறு: எது காக்கப்பட்டது? அரியணை. விலையாகக் கொடுக்கப்பட்டவர் யார்? ஒளிய இடம் தேடி வந்தவர். பக்கத்து ஆட்டைப் புலிக்குக் கொடுத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் ஆடு, அடுத்த நகர்விலிருந்து புலியின் தயவில்தானே வாழவேண்டும்? சமஸ்தானம் அப்படியே வாழ்ந்தது, ஆங்கிலேயர் போகும்வரை.

1948 மார்ச் 3-இல் அந்தச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974 சனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. மன்னரின் அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகமாயிற்று. ஒருவனைக் காக்க எழுப்பிய மதிலுக்குள் இன்று உழவரும் கல்லுடைப்பவரும் கைம்பெண்ணும் மனுவோடு நுழைகிறார்கள். கட்டடம் அதே கட்டடம். கல்லும் சுண்ணாம்பும் மாறவில்லை. யாருக்காகத் திறக்கிறது என்பது மாறிற்று. அதனால் அதன் பொருளே மாறிற்று. மனு கொடுப்பவருக்கெல்லாம் நீதி கிடைத்துவிடுகிறது என்று நாம் சொல்லவில்லை. கதவு திறப்பது முதல் நகர்வு, ஆட்டம் முடிவன்று.

அதே மாவட்டம் மிக அழகிய மற்றொரு நகர்வையும் நடத்திக் காட்டியிருக்கிறது. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. எழுத்தறிவு இயக்கந்தான், ஆனால் அப்போது ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியால், எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுத்தரப்பட்டது. கல்லுடைக்கும் பெண்கள், உழவுக் கூலிப் பெண்கள், சத்துணவுக் கூடத்துப் பெண்கள், ஆசிரியைகள் என்று ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர் என்று இதழாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். ஏச்சும் பேச்சும் இல்லாமலா? பெண் வண்டி ஓட்டினால் குடும்பம் கெடும் என்றார்கள். மானம் போகும் என்றார்கள். மானமும் போகவில்லை, குடும்பமும் கெடவில்லை. தண்ணீர் எடுக்கவும் விளைபொருள் விற்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் யாருடைய தயவுக்காகவும் காத்திராமல் அவர்கள் போனார்கள், வந்தார்கள்.

இதில் பாதுகாப்பு எங்கே என்று கேட்பவர்க்குச் சொல்வோம்: ஒருத்தி தனியாக வண்டியேறினாள் என்றால் ஊர் அவளைக் கேலி செய்து இறக்கிவிடும். அவளுக்குப் பின்னே இன்னொருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னே ஒரு தெருவே வந்தது. ஆட்டுக்குப் பின்னே ஆடு! குதிரைக்குத் துணை குதிரை! முன்பு மூடிய வண்டியில் ஒரு பெண் கல்லூரிக்குப் போன அதே மண்ணில், திறந்த வண்டியில் ஆயிரமாயிரம் பெண்கள் போனார்கள். மூடிய வண்டியின் மறைப்பு ஒருத்தியை மறைத்தது, அவ்வளவே. திறந்த வண்டிகளின் எண்ணிக்கை அத்தனை பேரையும் காத்தது.

ஆகவே, இளைஞர்களே, பாதுகாப்பு என்று யாராவது உங்களிடம் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் காவலால், காக்கப்படுகிறவரின் நகரும் உரிமை பெருகுகிறதா, சுருங்குகிறதா? காக்கப்படுகிறவர் தாமும் மற்றவரைக் காக்கும் இடத்தில் இருக்கிறாரா, என்றென்றும் காக்கப்படும் பொருளாகவே வைக்கப்பட்டிருக்கிறாரா? இந்தக் காவலுக்கு முடிவு உண்டா, அந்த முடிவைச் சொல்லும் உரிமை யாருக்கு? இந்த மூன்றையும் பிறரைப் பார்த்து மட்டும் கேட்டால் போதாது. நம் வீட்டில், நம் தங்கையிடம், நம் மனைவியிடம், நாம் நடத்தும் மன்றத்தில் நமக்குக் கீழே வேலை செய்யும் தோழனிடம், நாம் காட்டும் பரிவையும் இதே தராசில் நிறுத்துப் பார்க்கவேண்டும். மேடையில் மதிலை இடித்துவிட்டு வீட்டில் மதில் எழுப்புகிறவன் பகுத்தறிவாளன் அல்லன், பேச்சாளன்.

சீனச் சதுரங்கத்தின் விதி ஒன்றைச் சொல்லி முடிப்போம். மேலைநாட்டுச் சதுரங்கத்தில், 'செக்' இல்லாத நிலையில் ஒருவனுக்கு நகர்த்த வழியே இல்லாமற் போனால் ஆட்டம் சமன் என்பார்கள். சீனச் சதுரங்கம் அப்படிச் சொல்வதில்லை. தளபதிக்கு ஒரு கீறலும் விழாமல் இருக்கலாம். மெய்க்காவலரும் யானைகளும் குறையாமல் இருக்கலாம். எவரும் அவனை அந்த நொடியில் தாக்காமலும் இருக்கலாம். ஆயினும் நகர வழியில்லை என்றால் அவன் தோற்றவன். நம் ஆடுபுலி ஆட்டமும் அதையே சொல்கிறது: நகரமுடியாத புலி தோற்ற புலி. அடிபடாமல் இருப்பது வாழ்வு அன்று. அசைய முடிவதே வாழ்வு. அசையவிடாமல் வைத்துவிட்டு, அடிபடாமல் காத்தோம் என்று பெருமை பேசுகிறவர்களிடம் நாம் கேட்போம்: நீங்கள் காத்தது அவர்களையா, உங்கள் பூட்டையா?